நாற்பத்தெட்டு லட்சக்காரி

இலவசம் என்ற சொல்லைக் கண்டுபிடித்தவன் மட்டும் ரத்னாவின் கையில் கிடைத்திருந்தால், அருவாமனையில் வைத்துச் செதில் சீவியிருப்பாள். ஊரூர் குப்பத்தில் இருபது வருடமாக மீன் விற்கிறவள். கொசுறாகத் தரும் கறிவேப்பிலைக்கும் சேர்த்துத்தான் கத்தரிக்காயில் விலை வைத்திருப்பான் என்று தெரிந்தவள். அப்பேர்ப்பட்டவளே இந்த மே மாதம் ஏமாந்துபோனாள்.

மகள் அன்புக்கரசிக்கு வடக்கே, இரண்டு நாள் ரயில் தூரத்தில், மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. பணக்கார வீட்டுப் பிள்ளைகளே நுழையத் தவம் கிடக்கிற இடம். நாலு வருடப் படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் சேர்த்து நாற்பத்தெட்டு லட்சமாம். அத்தனையும் இலவசம் என்று கடிதம் வந்தது. ரத்னா நாலு கிலோ லட்டு வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தாள். "ஒரு பைசா செலவு இல்ல, தெரியுமா?" என்று கேட்டவர்களிடமும் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள்.

மறுநாளே குப்பத்து முனையில் ஃப்ளெக்ஸ் முளைத்துவிட்டது. வைத்தவன் நலச்சங்கச் செயலாளர் தனபாலன். 'நாற்பத்தெட்டு லட்சம் வென்ற நம் குப்பத்து வைரமே!' என்று எழுதியிருந்தது. அதில் அன்புக்கரசி தீப்பெட்டி அளவு, தனபாலன் ஆள் உயரம். அதுகூடப் போகட்டும். அதைப் படித்தவர்கள் எல்லாரும் நாற்பத்தெட்டு லட்சமும் ரொக்கமாக ரத்னா வீட்டு பீரோவில் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

ஆடித் திருவிழா வசூல்காரர்கள் அவள் பெயரில் இருபத்தைந்தாயிரம் எழுதிக்கொண்டே வந்தார்கள். கொழுந்தன் படகு இன்ஜினுக்குக் கடன் கேட்டான். இல்லை என்றதும் பேச்சை நிறுத்திவிட்டான். அடையாற்றிலிருந்து ஸ்கூட்டரில் மீன் வாங்க வருகிறவர்கூட, "உனக்கென்ன ரத்னா, பெரிய ஆளாயிட்ட, ஒரு அம்பது குறைச்சுக்கோ" என்றார்.

இந்த லட்சணத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து வாரத்துக்கு ஒரு ஈமெயில் வர ஆரம்பித்தது.

"டெபாசிட் இருவதாயிரம் கட்டணுமாம்மா. படிப்பு முடிஞ்சதும் திருப்பித் தந்துடுவாங்க."

"நம்ம காச நாலு வருஷம் கயிச்சு நம்மகிட்டயே குடுக்கிறதுக்குப் பேரு இன்னாடி? இனாமா?"

அடுத்த வாரம் லேப்டாப். இருக்கிற பழசு ஆகாதாம். அவர்கள் சொல்கிற மாடல் ஐம்பத்தெட்டாயிரம். அப்புறம் இன்சூரன்ஸ். அப்புறம் மெத்தை, போர்வை, அதுவும் அவர்களிடமே வாங்க வேண்டும். வகுப்பு தொடங்கும் முன் மூன்று நாள் மலையேற்றம், ஒன்பதாயிரம், விருப்பமுள்ளவர்கள் மட்டும். ஆனால் வருடம் முழுக்க யார் யாரோடு சேர்ந்து படிப்பது என்று அங்கேதான் குழு பிரிப்பார்களாம். "அப்பறம் அதுல இன்னாய்யா விருப்பம் கீது?" என்று ரத்னா தன் புருஷன் நாகராஜ் மேல் பாய்ந்தாள். பணப் பேச்சு என்றாலே நாகராஜுக்கு வலையில் ஏதாவது கிழிசல் ஞாபகம் வந்துவிடும். அன்றும் வந்தது.

குளிருக்குத் துணி வேண்டுமென்று ஜூலை வெயிலில் தி.நகர் முழுக்க அலைந்தார்கள். வியர்வை வழிய நின்று கம்பளி பனியன் கேட்ட ரத்னாவை, "நவம்பர்ல வாங்கக்கா" என்று கடைக்காரர்கள் ஒரு தினுசாகப் பார்த்து அனுப்பினார்கள். கடைசியில் மயிலாப்பூரில், பத்ரி கேதார் யாத்திரை போகிறவர்களுக்காக விற்கிற கடையில் கிடைத்தது, இரண்டு மடங்கு விலையில். இறைவனைப் பார்க்கப் போகிறவன் பேரம் பேச மாட்டான் என்று கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது.

கம்மலும் வளையலும் அடகுக்குப் போன பிறகும் எண்பதாயிரம் துண்டு விழுந்தது. ஜூலை இருபத்தைந்துக்குள் எல்லாவற்றையும் கட்டாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

மிச்சம் இருந்தது ஜஹீதாவின் சீட்டுதான். ஜஹீதா தையல் கடைக்காரி, நாணயமானவள். இருபது பெண்கள், ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. அந்த மாதம் யார் அதிகமாகக் கழித்துக்கொள்ளச் சம்மதிக்கிறார்களோ அவர்களுக்குப் பணம். ஆனால் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: பிரசவம், ஆஸ்பத்திரி, பிள்ளைகளின் பீஸ் என்று ஒருத்திக்கு அவசரமென்றால் மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். அவள் ஆயிரம் கழிவில் எடுத்துக்கொண்டு போவாள். ரத்னாவே நாலு தடவை அப்படி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தையல் கடையில் கூடினார்கள்.

"ஆயிரம்" என்றாள் ரத்னா, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

"அஞ்சு" என்றாள் தனபாலன் பெண்டாட்டி.

ரத்னா திரும்பி முறைத்தாள். "எனுக்கு அவசரம்டி."

"உனுக்கு இன்னா அவசரம்? நான் மாடி கட்டிக்கினு கீறேன், மேஸ்திரி கழுத்தப் பிடிக்கிறான். நீ அடுத்த மாசம் எடேன்."

பின்னாலிருந்து ஒருத்தி எட்டு என்றாள். ரத்னா பத்து. பன்னிரண்டு, பதினைந்து, பதினெட்டு. இருபதாயிரத்தைத் தாண்டினால் எண்பது தேறாது, சீட்டு கிடைத்தும் புண்ணியமில்லை. அவள் இருபது என்றாள். தனபாலன் பெண்டாட்டி நகத்தைப் பார்த்துக்கொண்டே, "இருவத்திரண்டு" என்றாள்.

"எனுக்குக் காசு இல்லடி!"

தையல் மெஷின் நின்றது. ரத்னாவுக்கே தன் குரல் வேற்றாள் குரல் போலக் கேட்டது. ஆனால் ஆரம்பித்த வாய் நிற்கவில்லை. டெபாசிட், லேப்டாப், மெத்தை, மலை, கம்பளி பனியன், அடகுக்குப் போன கம்மல், எல்லாவற்றையும் மீன் விலை கூவுகிற குரலில் கொட்டினாள். காதோரம் சுட்டது. வெட்கமாக இருந்தது.

"அப்போ அந்த நாப்பத்தெட்டு லட்சம்?" என்று கேட்டாள் ஜஹீதா.

"அது காலேஜ் காலேஜுக்கே குடுத்துக்கிறது, அக்கா. நம்ம கண்ணுல அதக் காட்டக்கூட மாட்டாங்க."

தனபாலன் பெண்டாட்டிதான் கோபமாகச் சொன்னாள். "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? லட்டு குடுத்துக்கினு, ஒரு பைசா செலவு இல்லன்னு பீத்திக்கினு திரிஞ்சா எங்களுக்கு எப்படித் தெரியும்?"

திட்டி முடித்துவிட்டுத் தன் இருபத்திரண்டை அவளே வாபஸ் வாங்கினாள். சீட்டு ஆயிரம் கழிவில் ரத்னாவுக்கே வந்தது. எண்ணி வாங்கும்போது நிம்மதியைவிட எரிச்சல்தான் அதிகமாக இருந்தது. தன்மேல்தான். வாயைத் திறந்திருந்தால் தீர்ந்திருக்கும். அதைச் செய்யாமல் இத்தனை நாள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறாளே.

பணம் கட்டியாயிற்று. ஆகஸ்டில் அன்புக்கரசி ரயிலேறிப் போனாள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ரத்னா கூடையைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"இன்னா பண்ற? சாப்ட்டியா?"

"ஹாஸ்டல்லயே சாப்ட்டேம்மா. மத்தவங்க எல்லாம் வெளில போயிருக்காங்க."

"நீ போவல?"

"ஆளுக்கு எண்ணூறு ஆவும். வயித்துவலின்னு சொல்லிட்டேன்."

"போன வாரம்?"

"தலைவலி."

ரத்னாவுக்குச் சுள்ளென்று ஏறியது. இந்தச் செலவை எந்த ஈமெயிலிலும் அந்தப் பாவிகள் எழுதவில்லை. வாயில் வந்தது திட்டுதான். "இன்னாத்துக்குடி இல்லாத வலியெல்லாம் இழுத்துக்கினு கீற? காசு இல்ல, வரலன்னு சொல்லிட்டுப் போயேன். நான் சொல்லல? அத்தினி பேரு முன்னால சொன்னேன், செத்தா பூட்டேன்?"

மறுமுனையில் யாரோ சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போகிற ஓசை கேட்டது.

"நீ அதச் சொல்றதுக்கு எத்தினி நாள் ஆச்சும்மா?"

ரத்னா விரல் விட்டுப் பார்த்தாள். "ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு."

"நான் இங்க வந்து பதினெட்டு நாள்தாம்மா ஆவுது" என்றாள் அன்புக்கரசி.