பார்க்காமலே பார்த்ததாக எழுதிய பாலம்

எங்கள் கம்பெனியில் லிஃப்ட் பழுது பார்க்கும் மெக்கானிக்குகள் பதினான்கு பேர். அதில் பெண் ஒருவர்தான். வயது நாற்பத்தொன்பது. அவருக்குப் ‘பூட்டக்கா’ என்று பட்டப்பெயர் வைத்தது யார் என்று தெரியவில்லை; ஆனால் வைத்தவர் காரணமில்லாமல் வைக்கவில்லை. ஒரு லிஃப்ட்டில் மனசுக்குத் திருப்தியில்லை என்றால் மெயின் சுவிட்சை இறக்கி, தன் பையிலிருக்கும் பித்தளைப் பூட்டை மாட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் குடியிருப்போர் சங்கத் தலைவர் கீழ் வீட்டிலிருந்து மேல்மாடி வீட்டுக்கு மாறிய அன்றைக்கே அக்கா பூட்டிவிட்டார். பீரோ, கட்டில், பிரிட்ஜ் எல்லாம் கீழே நிற்கின்றன. தலைவர் மேனேஜருக்குப் போன் போட்டுக் குதித்தார். அக்கா அசையவில்லை. தேய்ந்துபோன பிரேக் லைனிங்கை மாற்றிய பிறகுதான் சாவி வெளியே வந்தது.

நான் அவரோடு பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். அதனால் சென்ற வருடம் மலையில் நடந்ததை வேறு யாரும் சொல்வதைவிட நான் சொல்வது கொஞ்சம் சரியாக இருக்கும். இதைப் பற்றி ஊரில் உலவும் கதை வேறு மாதிரி. மலைக்குப் போன பெண்மணி பயந்துபோய்ப் பாதியிலேயே திரும்பிவிட்டாராம்.

அக்கா வருடத்துக்கு ஒரு முறை ஒரு வாரம் லீவு போட்டுத் தனியாக மலை ஏறப் போவார். முதுகில் பதினாறு கிலோ பை. கூடாரம், தூங்கும் பை, சின்ன அடுப்பு, ரொட்டி, அவித்த முட்டை, டீத்தூள். வழிகாட்டி இல்லை, கூட்டம் இல்லை. போன வருடம் போனது ஏழாவது முறை. எல்லாரும் பனி நன்றாக உருகிய பிறகு போவார்கள், அக்காவால் முடியாது. வெயில் ஏறிவிட்டால் ஊரிலுள்ள லிஃப்ட் மோட்டார் எல்லாம் சூடேறி நின்றுபோகும். யாருக்கும் லீவு கிடையாது. ஆகவே பனிக்காலம் முடிந்து பாதை திறந்த முதல் வாரத்திலேயே போய்வந்துவிடுவார். அவர் வீட்டுக்காரர் பள்ளிக்கூட பஸ் டிரைவர். முழங்கால் தேய்ந்தவர், மாடிப்படியே அவருக்கு மலைதான். ஆனால் பையை அடுக்கிக் கொடுப்பது அவர்தான். கனமானது நடுவில், முதுகை ஒட்டி இருக்க வேண்டும் என்று மனைவிக்கே பாடம் எடுப்பார். எதிர்ப்பெல்லாம் அக்காவின் அண்ணனிடமிருந்துதான். பொம்பளை தனியாக மலைக்குப் போவதை எந்த வீட்டில் விடுவார்கள் என்று வருடா வருடம் தவறாமல் போன் செய்து கேட்பார். அக்காவும் தவறாமல், எங்கள் வீட்டில் விடுவார்கள் அண்ணா என்று சொல்லி வைத்துவிடுவார்.

சென்ற வருடம் அவர் பார்க்க ஆசைப்பட்டது ஓர் ஏரி. மலை அடிவாரத்திலிருந்து இரண்டு நாள் நடை. நடுவில் ஓர் ஆற்றைத் தாண்ட வேண்டும். அதற்குத் தொங்கு பாலம் உண்டு. அடிவாரத்தில் அனுமதிச் சீட்டு கொடுக்கும் அலுவலகம். ஓர் அறை, ஒரு மேஜை, மரப் பெஞ்சு, சுவரில் தினமும் பருவநிலை எழுதும் கரும்பலகை. பாதை திறந்த இரண்டாம் நாள் அது. அங்கிருந்த அதிகாரி, கூட யார் வருகிறார்கள் என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் யாருமில்லை என்று பதில் வந்ததும் பெருமூச்சு விட்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: பாலம் நேரில் பரிசோதிக்கப்பட்டது, நல்ல நிலையில் உள்ளது. கீழே பத்து நாளைக்கு முந்தைய தேதி, கையெழுத்து, முத்திரை. அக்கா அதை ஒரு முறைக்கு இருமுறை படித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

முதல் நாள் காட்டுப் பாதை. மரத்தடியில் மட்டும் பனி, மற்றபடி சேறு. இரண்டாம் நாள் காலை மரங்கள் முடிந்து வெட்டவெளி வந்தது. அங்கிருந்து முழுக்கப் பனிதான். பகலில் இளகி, மறுபடி உறைந்து, மேலே ஓடு கட்டிய பழைய பனி. காற்றில் வந்த ஊசியிலைகளும் தூசியும் அதில் படிந்து கிடந்தன. காலடித் தடம் ஒன்றுகூட இல்லை. முதலில் அக்காவுக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்திருக்கிறது, இந்த வருடம் இந்த வழியில் முதல் ஆள் நான்தான் என்று. ஒரு மணி நேரம் நடந்த பிறகுதான் உறைத்திருக்கிறது. முதல் ஆள் நான் என்றால், பத்து நாளைக்கு முன்னால் பாலத்தைப் பார்க்க வந்தவர் எந்த வழியாக வந்தார்? அந்தப் பாலத்துக்கு வேறு வழி கிடையாது.

பாலத்தை அடைந்தபோது மணி பதினொன்று. பலகைகளின் மேல் முழங்கால் உயரத்துக்குப் பனி, ஒரு பறவைக் கால் தடம் தவிர வேறெதுவும் இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் பாலம் ஜோராக இருந்தது. கைப்பிடிக்குச் சிவப்புப் பெயிண்ட், தொங்கு கம்பி எல்லாம் வரிசையாக. வேறு யாராக இருந்தாலும் நடந்து போயிருப்பார்கள். அக்கா பையை இறக்கிவைத்துவிட்டு, பாலத்தைத் தாங்கும் இரும்பு ரோப் கான்கிரீட் கட்டைக்குள் இறங்கும் இடத்தைப் பார்க்கப் போனார். லிஃப்ட் ரோப்பை நாங்கள் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை. பருத்தித் துணியை ரோப்பைச் சுற்றிப் பிடித்து இழுத்துக்கொண்டே போவோம். உள்ளே ஒரு கம்பி அறுந்திருந்தாலும் துணி மாட்டிக்கொள்ளும். அக்கா கழுத்துத் துண்டை அவிழ்த்து அப்படியே செய்தார். ஒரு சாண் இழுப்பதற்குள் துண்டு பத்து இடத்தில் மாட்டிக் கிழிந்தது. பனியைச் சுரண்டிப் பார்த்தார். கட்டையை ஒட்டிய இடத்தில் வருடக்கணக்காகத் தண்ணீர் தேங்கி, துருவின் மேலேயே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். பெயிண்டை நகத்தால் பெயர்த்தால் உள்ளே செம்பொடி கொட்டியது. ரோப்பாக முறுக்கியிருக்கும் ஆறு பிரிகளில் ஒரு பிரி முழுசாக அறுந்து நின்றது. இன்னொன்று பாதி.

அந்தக் கட்டையின் மேலேயே உட்கார்ந்து ஒரு டீ போட்டுக் குடித்திருக்கிறார். எதிரே ஆறு உருகிய தண்ணீரில் பேரிரைச்சலாக ஓடியது. ஏரி இன்னும் மூன்று மணி நேர நடை. ஒரு வருடமாகக் காத்திருந்தது. “அழுகை வந்துச்சு தம்பி. ஏரி போச்சேன்னு இல்ல. பார்த்தேன்னு எழுதியிருக்கான் பாரு, அந்தக் கையெழுத்த நினைச்சு” என்று என்னிடம் சொன்னார். பிறகு பையை மாட்டிக்கொண்டு திரும்பினார்.

முக்கால் மணி நேரம் இறங்கியிருப்பார். எதிரே ஒரு ஜோடி. கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை என்பது பார்த்தாலே தெரிந்ததாம். அக்காவின் காலடித் தடத்தைப் பிடித்தே சுலபமாக ஏறி வந்திருக்கிறார்கள். அக்கா விஷயத்தைச் சொன்னார். பெண் நின்று கேட்டாள். மாப்பிள்ளை, ஆபீஸில் நல்லாயிருக்கிறது என்று எழுதியே ஒட்டியிருக்கிறார்களே என்றான். புதுக் காலணி போட்ட மிடுக்கு. வழியை விட்டு ஒதுங்கி அக்காவைத் தாண்டிப் போய்விட்டான்; அந்தப் பெண்ணும் பின்னாலேயே போனாள்.

சொல்லியாகிவிட்டது, இனி அவர்கள் பாடு என்று வேறொருவர் இறங்கிப் போயிருக்கலாம். அக்கா திரும்பி, அந்தப் பதினாறு கிலோவோடு மறுபடியும் அவர்கள் பின்னாலேயே ஏறினார். பாலத்தருகே போனதும் ரோப்பைக் காட்டினார். மாப்பிள்ளை குனிந்து பார்த்துவிட்டு, எத்தனையோ பேர் போன பாலம், ஒரு கம்பி போனால் என்ன, மற்றது இருக்கிறதே என்றான். அக்கா கூடாரக் கயிற்றை எடுத்து, பாலத்தின் வாயில் குறுக்கே நாலு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டு அதன் முன்னால் நின்றுகொண்டார்.

“தம்பி, நான் இருபத்தாறு வருஷமா ரோப்புல தொங்குற பெட்டியில ஜனங்கள ஏத்தி அனுப்புறேன். இந்த ரோப்புல ஒரு மூட்டை உருளைக்கிழங்கக்கூட அனுப்ப மாட்டேன்.”

“உங்களுக்குப் பயம்னா நீங்க போகாதீங்க ஆன்ட்டி.”

அப்போதுதான் அந்தப் பெண் வாயைத் திறந்தாள். “நான் வரல. நீங்க வேணா போயிட்டு வாங்க. வந்தா சேர்ந்து போவோம்.”

அந்த ‘வந்தா’ வேலை செய்தது. மாப்பிள்ளை கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தான், பிறகு காலணியைப் பார்த்தான். அந்தப் பெண் கைப்பேசியில் ரோப்பையும், யாரும் மிதிக்காத பனியையும், பிரி அறுந்த இடத்தையும் ஒவ்வொன்றாகப் படம் எடுத்தாள். மூவரும் சேர்ந்தே இறங்கினார்கள்.

மறுநாள் மதியம் அலுவலகத்தில் நடந்ததுதான் அக்காவைக் கொதிக்க வைத்தது. அதிகாரி முழுசாகக் கேட்கவே இல்லை. முகத்தில் ஓர் இரக்கம். “பயந்து திரும்புறது தப்பில்ல மேடம். தனியா போனா அப்படித்தான் தோணும்” என்று சொல்லிக்கொண்டே பதிவேட்டில் எழுதினார். அக்கா எதிர்ப்பக்கம் நின்று தலைகீழாகவே படித்தார்: ‘அச்சம், களைப்பு காரணமாகப் பாதியில் திரும்பினார்.’ கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை நீட்டினார் அதிகாரி. அக்கா பேனாவைத் தொடவில்லை. பாலத்தை யார் போய்ப் பார்த்தது என்று கேட்டார். மேலிடத்திலிருந்து ஆள் போய் வந்ததாக அதிகாரி சொன்னார். பனியில் தடமே இல்லையே என்றதற்கு, பார்த்துவிட்டு வந்த பிறகு பனி பெய்திருக்கும் என்றார்.

அக்கா சுவரிலிருந்த கரும்பலகையைக் காட்டினார். அதிகாரியின் கையெழுத்திலேயே எழுதியிருந்தது: கடைசியாகப் பனி பெய்து இன்றோடு இருபத்து நான்கு நாள்.

அதிகாரி பதிவேட்டை மூடிவைத்துவிட்டு மெல்லச் சொன்னார். “மேலிடத்துல இருந்து பேப்பர் டைப் பண்ணியே வந்துச்சு மேடம். ஒட்டுன்னாங்க, ஒட்டினேன். நான் என்ன பண்ண?”

பாலத்துக்குப் பொறுப்பான பொறியாளரைக் கூப்பிடும்வரை நகர மாட்டேன் என்று அக்கா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நாலரை மணி நேரம். அதற்குள் சீட்டு வாங்க இரண்டு குழு வந்தது. இரண்டு குழுவுக்கும் பாலத்தின் கதையை அக்கா ஒன்றுவிடாமல் சொன்னார்; அந்தப் பெண் படங்களைக் காட்டினாள். இரண்டு குழுவும் வேறு பாதைக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு போனது. அதன் பிறகுதான் அதிகாரி போனைச் சுழற்றினார். மறுமுனையில் பொறியாளர். கையெழுத்துக்குச் சொந்தக்காரர் அவர்தான். அக்கா ரோப், பிரி, துரு என்று ஆரம்பித்ததுமே இடைமறித்து, வீட்டில் ஆம்பளை யாராவது இருந்தால் பேசச் சொல்லுங்கள் என்றார்.

“எங்க வீட்டுக்காரருக்கு பஸ் ஓட்டத் தெரியும் சார். ரோப்பப் பத்திப் பேசணும்னா நான்தான் பேசணும். படம் இருக்கு. நீங்க வரலைன்னா இந்தப் படம் எங்கெங்க போகணுமோ அங்கெல்லாம் போகும்.”

அதிலிருந்து மூன்றாம் நாள் பொறியாளர் ஆட்களோடு மேலே போனார். தொட்டு இழுத்ததுமே அறுந்த பிரி கையோடு வந்துவிட்டதாம். அன்றைக்கே பாலத்தை மூடினார்கள். அறிவிப்பு ஒன்று ஒட்டினார்கள். அடிவாரத்திலேயே தங்கியிருந்த அந்தப் பெண் அதைப் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பியிருந்தாள். ‘வழக்கமான பரிசோதனையின்போது கண்டறியப்பட்ட குறைபாடு காரணமாகப் பாலம் தற்காலிகமாக மூடப்படுகிறது.’ லிஃப்ட் குழியில் நின்றுகொண்டு அக்கா அதை எனக்குப் படித்துக் காட்டினார். ‘வழக்கமான’ என்ற சொல்லை மட்டும் இரண்டு தடவை படித்தார்.

பதிவேட்டில் எழுதியதை யாரும் திருத்தவில்லை. அதிலிருந்துதான் அந்தப் பயந்த பெண்மணி கதை கிளம்பி, சுற்றிச் சுற்றி அக்காவின் அண்ணன் காது வரைக்கும் போனது. அவர் போன் செய்து, இப்போதாவது புத்தி வந்ததே, இனிமேல் போகாதே என்றார். அக்கா அன்றைக்கு வழக்கமான பதிலைச் சொல்லவில்லை. நடந்ததை முதலிலிருந்து சொன்னார். அண்ணன் கடைசிவரை கேட்டுவிட்டு, எதற்கு இந்த வம்பு, பேசாமல் இறங்கி வந்திருக்கலாமே என்றார். இரண்டு மாதம் அக்கா அவரோடு பேசவில்லை.

மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். நானும் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். “நீ பாலத்தப் பார்த்தியா?” என்றார். இல்லை என்றேன். பேனாவை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். அந்தப் புதுப்பெண் மட்டும் சாட்சியாகக் கையெழுத்திட்டாள். மாப்பிள்ளை போட்டானா என்று நான் கேட்கவில்லை. பதில் வந்தது: ‘தங்கள் ஆர்வத்துக்கு நன்றி.’ இரண்டாவது கடிதத்துக்கும் அதே நன்றி. மூன்றாவதற்குப் பதிலே இல்லை. ஆனால் காகிதத்தை ஒட்டிய அந்த அடிவார அதிகாரியை எங்கோ தூரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதைக் கேள்விப்பட்ட அன்று அக்கா சாப்பிடவில்லை. நான்காவது கடிதம் அந்த மனிதருக்காக எழுதியது. ஒட்டியவரைத் தண்டிக்கிறீர்களே, எழுதியவர் எங்கே என்று கேட்டிருந்தார். தன்னைப் பயந்தவள் என்று எழுதிய ஆளுக்காக மெனக்கெட்டு எழுதுகிறீர்களே அக்கா என்றேன். அது வேற, இது வேற என்றார்.

ஒரு நாள் நான் கேட்டேன், பாலத்தைத்தான் மூடிவிட்டார்களே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, இன்னும் ஏன் இவ்வளவு கோபம் என்று. அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அவங்களும் அதத்தான் தம்பி சொல்றாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகலையேன்னு.”

பொறியாளர் இன்னும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். புதுப் பாலத்துக்குக் கம்பம் நட்டிருக்கிறார்களாம். அக்கா இந்த வருடத்துக்கும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டார், ஒரு வாரத்துக்குப் பதில் பத்து நாள். ஆற்றைச் சுற்றிக்கொண்டு ஏரிக்குப் போக மேற்கே ஒரு பாதை இருக்கிறதாம், மூன்று நாள் கூடுதலாகும். மேனேஜர் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.