பாதி வலை

சென்ற கிழமை மகனுடன் யாழ்ப்பாண விளையாட்டரங்குக்குப் போனேன். இருக்கைகள், கூரை, மின்விளக்குகள், எல்லாம் புதிது. படியில் விழுந்துவிடுவானோ என்று அவன் கையை இறுக்கிப் பிடித்தபடி, தெற்குப் பக்கத்துக் கோல் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை சனத்துக்குள் அவனைக் கூட்டிவந்தது சரியோ என்றும் யோசித்தேன்.

எனக்கு ஒன்பது வயதில் அங்கே மரப்பலகை கூட இருக்கவில்லை. சண்டையால் பல வருடம் பூட்டிக் கிடந்த மைதானத்தைச் சமாதான காலத்தில் துப்புரவாக்கி, ஓர் இறுதிப்போட்டி வைத்தார்கள். கம்பங்கள் இருந்தன, வலை இல்லை. வல்வெட்டித்துறையில் படகும் வலையும் வைத்துத் தொழில் செய்த சம்மாட்டியான அப்பா, தன் பழைய மீன்வலையைக் கொடுத்தார். எங்கள் ஊர் அணியில் அம்மாவின் தம்பி விளையாடினார்.

வலையை விரித்து, கிழிசல் கண்ட இடமெல்லாம் சிவப்பு நூல் கட்டுவது என் வேலை. நூல் கட்டிய இடத்தில் அப்பா புது முடிச்சுப் போட்டு அடைப்பார். பாதி வலை பார்த்து முடிய, சிநேகிதிகள் கிளித்தட்டு விளையாடக் கூப்பிட்டார்கள்.

“முழுக்கப் பாத்தியே பிள்ளை?”

“ஓம் அப்பா.”

இறுதிப்போட்டியில் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். கடைசி நிமிடத்தில் மாமா அடித்த பந்து தெற்குப் பக்கத்துக் கம்பத்துக்கு உள்ளே போய், வலையின் ஓட்டையால் வெளியேறிப் புழுதியில் விழுந்தது. தூரத்தில் நின்ற நடுவர், பந்து கம்பத்துக்கு வெளியே போனதென்று கை காட்டிவிட்டார்.

எதிரணிக்காரன் ஒருவன் சிரித்தான். “உங்கடை வலையிலை பந்தே தப்புது, சம்மாட்டியார்! சின்னச் சூடை மீன் என்னெண்டு அகப்படும்?”

மாமா அழுகிற முகத்தோடு வந்தார். “அத்தான், வலையைப் பாக்கேல்லையே?”

“நான்தான் பாக்காமல் விட்டிட்டன். என்ரை பிழை.”

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. தப்பிவிட்டேன் என்று நினைத்தேன்.

மாமா அடுத்த மாதமே கனடாவுக்குப் போய்விட்டார். இப்போதும் தொலைபேசியில் சொல்வார்: “உன்ரை அப்பா அந்த ஓட்டையைப் பாத்திருந்தால், நானும் அந்த மைதானத்திலை கோல் அடிச்சவன்.” ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொல்ல வாயெடுப்பேன். சொன்னதில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை, இனிச் சொல்ல அவர் இல்லை.

அன்று திரும்பும் பஸ்ஸில் வலை அப்பாவின் மடியில் இருந்தது. புது முடிச்சுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டு போனார். பாதி வலையோடு முடிச்சுகள் முடிந்தன. விரலும் அங்கே நின்றது. பிறகு வலையைச் சுருட்டி வைத்துவிட்டு, எனக்குக் கச்சான் கடலை வாங்கித் தந்தார்.

மிச்ச ஓட்டைகளைத் தேடுகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.