பதினோராவது டப்பா

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். இது நடந்தது. போன பங்குனியில், காணை ஊருக்குப் பக்கத்தில், பட்டப்பகலில். சக்கரபாணியே என்னிடம் நடுங்கிக்கொண்டு சொன்னது.

சக்கரபாணிக்குத் திண்டிவனம். விழுப்புரம் சுற்றுவட்டார ஊர்களில் வீடு வீடாகப் போய், டிபி சோதனைக்குச் சளி வாங்கி வருவது அவன் வேலை. வாங்கினால்தானே? கரும்புக் கொல்லையோரம் வேப்பமரத்தடியில் பைக்கை நிறுத்துவான். ஆபீஸில் கொடுத்த பத்து டப்பாவிலும் ஊர்க்காரர்கள் பேரை எழுதி ஒட்டுவான். பத்திலும் தானே துப்புவான். அப்புறம் ஒரு தூக்கம். வேலை செய்யத் துப்பில்லாதவன், துப்புவதில் மட்டும் கெட்டிக்காரன். கேட்டால், "இதுல யாருக்கு நஷ்டம்?" என்பான். இப்படியும் ஒரு ஜென்மம்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. மணி 12.40. பத்தாவது டப்பாவில் துப்பி மூடினான்.

லொக்... லொக்...

கொல்லைக்குள்ளிருந்து இருமல். நிமிர்ந்தான். எதிரே ஒரு பெண் நின்றாள். நாற்பது வயதிருக்கும். வற்றிய உடம்பு. கரும்பை விலக்கிக்கொண்டு வந்தவள்தான், ஆனால் ஒரு தோகைகூட அசையவில்லை.

"சார், சளி குடுக்கணும்."

"டப்பா தீந்துபோச்சு. பேஜாரு பண்ணாம போம்மா."

"நானே எடுத்துக்கினு வந்திருக்கேன் சார்."

நீட்டினாள். அதே ஆபீஸ் டப்பா. கொளுத்துகிற வெயிலில் அது சில்லென்று இருந்தது.

"ரெண்டு மாசமா இருமல். சாயந்தரமானா ஜுரம். ராத்திரி வேர்த்துக் கொட்டுது. ஒடம்பு எளைச்சிக்கினே போவுது. இருமினா காத்துல பக்கத்துல இருக்கறவங்களுக்கும் ஒட்டிக்கும்னு ஊர்க் கூட்டத்துல நீங்கதானே சொன்னீங்க?"

அவன் மூக்கைப் பொத்திக்கொண்டான். "பேரு?"

"கலைப்பிரியா."

எழுதி ஒட்டினான்.

"எச்சில் இல்ல சார்... நெஞ்சு சளி."



லொக்... லொக்...

இப்போது இருமல் அவன் முதுகுக்குப் பின்னால். அவளோ எதிரே நின்றாள். வாய் மூடியிருந்தது.

"ஜல்தி போங்க சார். இந்தத் தடவையாவது..."

கண்ணை மூடித் திறந்தான்.

யாருமில்லை.

செல்போனைப் பார்த்தான். மணி 12.40.

அந்த வீராதிவீரன் விழுப்புரம் வந்துதான் மூச்சு விட்டான். டப்பாவைத் தூக்கி எறியவும் பயம். பதினொன்றையும் லேபில் கொடுத்தான்.

வியாழக்கிழமை ரிசல்ட். பத்தில் ஒன்றுமில்லை. பதினோராவதில் டிபி கிருமி. வேறு வழியில்லாமல், பேரை விசாரித்துக்கொண்டு, முதல் தடவையாக ஒரு வீட்டுப் படி ஏறினான்.

கலைப்பிரியாவுக்குப் பத்தொன்பது வயது. சுவரோரம் சுருண்டு இருமிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வந்தவள் இவள் இல்லை.

"நான் யார்கிட்டயும் சளி குடுக்கலியே," என்றாள். "செவ்வாக்கெழம மத்தியானம் தூக்கத்துல இருமினேன். யாரோ முந்தானையால வாயைத் தொடச்சாங்க... அம்மான்னு நெனச்சேன். அம்மா செத்து ஒரு வருஷம் ஆவுது சார்."

அவள் அப்பா முருகையன் ஒரு காகிதத்தை எடுத்து வந்தார்.

"இவ அம்மா பொன்னிக்கும் இதே இருமல்தான் சார். டிபி இல்லன்னு இது வந்துச்சு. நான் சளியே குடுக்கலன்னு கத்திக்கினே இருந்தா. நாங்கதான் நம்பல."

சக்கரபாணி வாங்கிப் பார்த்தான். பொன்னி, நெகட்டிவ். கீழே, சளி வாங்கியவர் என்ற இடத்தில் இருந்த கையெழுத்து அவனுடையது.

அந்த எச்சிலும்.