பஞ்சநாதன் போட்ட டிக்

பஞ்சநாதனின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த பழைய ஆபீஸ்காரர்கள், "ஒரு தப்புகூடப் பண்ணாத மனுசன்" என்று பேசிக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் நல்லவன்தான், யார் இல்லை என்றது? ஆனால் தப்புப் பண்ணாதவன் இல்லை. அதைச் சொல்ல என்னை விட்டால் ஆள் கிடையாது. ஏனென்றால் அதில் எனக்கும் பங்கு உண்டு.

உடையார்பாளையத்தில் விவசாயக் கூலி வீட்டில் பிறந்தவன். டிப்ளமா முடித்து, அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்டு ஆலையில் எலெக்ட்ரானிக் பிரிவில் சேர்ந்தான். 1986இல் சுண்ணாம்புக்கல் கொண்டுவரும் பெல்ட்டை ஓட்ட ஒரு கம்ப்யூட்டர் பெட்டி வந்தது. கட்டைவிரல் அளவு சிப் ஒன்றில்தான் அதன் புரோகிராம் முழுக்க இருக்கும். அதில் எழுதியிருக்கிறபடிதான் பெல்ட் ஓடும், நிற்கும். கண்ணாடி அறையில் உட்கார்ந்து பட்டனை அழுத்துவது என் வேலை.

புரோகிராம் எப்போதும் இரண்டு இருந்தது. ஒன்று, அன்றாடம் ஓடுவது. மற்றது, பெல்ட்டின் வேகத்தைக் கூட்டுவதற்காக, பெட்டியைச் செய்துகொடுத்த மெட்ராஸ் கம்பெனிக்காரர்கள் தயார் செய்துகொண்டிருந்தது. அதற்காக, ஓடுகிற புரோகிராமை ஆரம்பத்திலேயே நகல் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஓடுவதில் நாங்கள் ஒன்றைத் திருத்தினால் அது மெட்ராஸ் நகலுக்குத் தானாகப் போய்ச் சேராது. யாராவது சேர்த்தால்தான் உண்டு. அதற்காகப் பஞ்சநாதன் ஒரு நோட்டுப் போட்டான். ஒரு திருத்தத்துக்கு ஒரு வரி. ஓடுவதில் சேர்த்ததும் இடப்பக்கம் டிக், வரப்போவதில் சேர்ந்ததும் வலப்பக்கம் டிக். இரண்டும் விழாமல் அவனுக்குத் தூக்கம் வராது. "சோறு தின்னாகூட ரெண்டு டிக் போடுவடா நீ" என்று கேலி செய்வோம்.

பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கல்லை அள்ளுகிறவர்கள் கான்ட்ராக்ட் பெண்கள். பெல்ட் நின்றிருக்கும்போதுதான் உள்ளே நுழைய முடியும். திரும்ப ஓட்டும்போது கத்திச் சொல்ல வெளியே ஓர் ஆள் நிற்பார். ஒருநாள் அவர் பீடி வாங்கப் போன நேரத்தில் ஒரு பெண்ணின் சேலை மாட்டிக்கொண்டது. மயிரிழையில் தப்பினாள். அந்தப் பெண்களில் மூத்தவளான காத்தாயி நேரே வந்து பஞ்சநாதனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க சார், ஓடுறதுக்கு முன்னாடி ஒரு சங்கு ஊதச் சொல்லுங்களேன் அந்தப் பொட்டிய. நாங்க வெளிய வந்துடுவோம்ல."

ஒரே வாரத்தில் எழுதிவிட்டான். பட்டனை அழுத்தினால் அரை நிமிடம் சங்கு அலறும், பிறகுதான் பெல்ட் நகரும். இடப்பக்கம் டிக் விழுந்தது. வெளியே நின்ற ஆளை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். பெண்கள் சங்கை நம்பப் பழகினார்கள்.

அந்தத் திருத்தத்தை வரி வரியாக எழுதி மெட்ராசுக்கும் அனுப்பினான். பத்து நாளில் ஒரு கார்டு வந்தது. 'தங்கள் கடிதம் கிடைத்தது.' அவ்வளவுதான். அதை நோட்டில் ஒட்டி, வலப்பக்கமும் டிக் போட்டுவிட்டான். எங்கள் பக்கத்தில் பெரிய ஆபீசிலிருந்து பதில் கார்டு வந்துவிட்டாலே காரியம் முடிந்ததாகத்தான் எண்ணம்.

ஆறு மாதம் கழித்து, வேகம் கூட்டிய புரோகிராமோடு மெட்ராசிலிருந்து புதுச் சிப் வந்தது. பெண்களுக்கு லீவு விட்டு மாட்டினோம். வேகத்தைச் சோதித்தோம், பிரமாதமாக ஓடியது. சங்கை யாரும் கவனிக்கவில்லை. கண்ணாடி அறையில் ஏ.சி. சத்தத்தில் அது எப்போதுமே கேட்காது. நோட்டில்தான் டிக் இருக்கிறதே!

மறுநாள் காலை பத்து மணிக்குக் கல் அடைத்துக்கொண்டு பெல்ட் நின்றது. அடைப்பை எடுத்தாயிற்று என்று போன் வந்ததும் பட்டனை அழுத்தினேன். மெட்ராஸ்காரர்கள் அந்தத் திருத்தத்தைச் சேர்க்கவே இல்லை. சங்கு ஊதாமலே பெல்ட் ஓடியது. உள்ளே காத்தாயி இருந்தாள். அதற்கு மேல் எழுத எனக்குக் கை வராது.

பஞ்சநாதன் ஓடிப்போய்ப் பழைய சிப்பை எடுத்தான். "மொதல்ல இதை மாத்தணும் அண்ணாதுரை. இன்னொருத்தி சாகக் கூடாது" என்றான். சரியான பேச்சுதான். அரை மணியில் சங்கு திரும்ப வந்துவிட்டது. கழற்றிய புதுச் சிப் அவன் உள்ளங்கையில் இருந்தது. ஊதா விளக்குப் பெட்டியில் இருபது நிமிடம் வைத்தால் சிப்பில் எழுதியதெல்லாம் அழிந்துவிடும். அழிக்கும்படி அவனிடம் யாரும் சொல்லவில்லை. அவனாகவேதான் வைத்தான். இருபது நிமிடமும் நான் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அடுத்த நாள் விசாரணைக்கு அதிகாரி வந்தார். பட்டனை அழுத்தச் சொன்னார், சங்கு ஊரைக் கூட்டியது. நோட்டைக் கேட்டார், இரண்டு பக்கமும் டிக் இருந்தது. சங்கு ஊதவே இல்லை என்று நான்கு பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார்கள். யார் காதில் ஏறும்? 'எச்சரிக்கை ஒலித்தும் இறந்தவர் அலட்சியமாக உள்ளே இருந்தார்' என்று அறிக்கை போனது.

அந்த வாரமே காத்தாயியின் மகள் அம்சவள்ளி ஆலை வாசலில் எங்களுக்காகக் காத்திருந்தாள். பதினெட்டு வயதிருக்கும். அழவில்லை.

"சார், சங்கு வைக்கச் சொல்லிக் கேட்டதே எங்கம்மாதான். ஊதுனா மொத ஆளா வெளிய வரும்னு எல்லாரும் சொல்றாங்க. கவனமில்லாம செத்துப்போச்சுன்னு எழுதிட்டாங்களாம். நீங்க சொன்னா நான் நம்புறேங்க. அன்னைக்கு ஊதுச்சா?"

பஞ்சநாதன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஊதுச்சும்மா" என்றான்.

அவள் என் பக்கம் திரும்பினாள். நான் தலையாட்டினேன்.