செவலையின் வயிற்றில் அரிசி

போன வாரம் மருமகள் எங்கிருந்தோ ஒரு சிவப்பு சோப்புக் கட்டி வாங்கிவந்து குளியலறையில் வைத்திருந்தாள். அந்தக் காரமான மருந்து வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், என் வலது கை இடது கைச் சட்டையைத் தோள்வரை சுருட்டப் போய்விட்டது. சட்டை ஏது? துண்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

சொன்னால் சிரிக்கக் கூடாது. என் முதல் உத்தியோகம் பசுவின் பின்பக்கம் கைவிடுவது. மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டிருந்தபோது, கோல சிலாங்கூர் பக்கம் ஒரு கால்நடை டாக்டருக்கு நான் உதவியாளன். தோள்வரை கையை உள்ளே செலுத்தி, குடலின் சுவருக்கு அப்பால் கருப்பை எப்படி இருக்கிறது, கன்று தங்கியிருக்கிறதா என்று தடவிச் சொல்ல வேண்டும். கையுறையெல்லாம் யார் கண்டார்கள்? சிவப்பு சோப்புதான். இடது கையால் வேலை, வலது கையால் சாப்பாடு என்று ஒழுங்காகத்தான் இருந்தேன். இருந்தும், பெண் பார்க்கப் போன வீட்டில் காப்பியை எட்டி நின்றே நீட்டினார்கள்.

புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டம். தொழிலாளர் லயங்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து முள்கம்பி வேலி போட்டபின் அங்கே பசுக்கள் சினை பிடிப்பதே இல்லை. ஏன் என்று கண்டுபிடிப்பதுதான் டாக்டரின் ஆராய்ச்சி. புல்லா, உப்பா, நோயா, சர்ச்லைட் வெளிச்சமா என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தார். தோட்டத்து மேனேஜர் துரைக்கு அந்தப் பொறுமை இல்லை. கறக்காத, சினையும் இல்லாத மாட்டையெல்லாம் கசாப்புக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். ரப்பர் மரத்தில் பால்வெட்டும் அந்தோணியம்மாவின் செவலைப்பசு மூன்று வருசமாக வறண்டு கிடந்தது. டின் பாலோ ரேஷன். அவளுடைய கடைசிப் பிள்ளை பாலில்லாத வரக்கோப்பி குடித்து வளர்ந்துகொண்டிருந்தது.

"தம்பி, உங்க கைய நம்பித்தான் இருக்கேன். நல்லாத் தடவிப் பாருங்க" என்பாள். ஊரில் என் கைக்கு மரியாதை கொடுத்தவள் அவள் ஒருத்திதான்.

காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசி போய்விடக் கூடாதென்று வேலிக் கேட்டில் தினமும் சோதனை. ஆண்களை வரிசையில் நிறுத்தித் தடவுவார்கள். பெண்களைத் தடவ ஓரமாக ஒரு தட்டி மறைப்பு. பால் வாளிக்குள் குச்சியை விட்டுக் குடைவார்கள். இதற்கெல்லாம் அதிகாரி ஒரு வெள்ளைக்கார சார்ஜன்ட். ஒரு நாள் அவர் தொழுவத்துப் பக்கம் வந்தபோது நான் தோள்வரை பசுவுக்குள் இருந்தேன். மனிதர் அப்படியே நின்றுவிட்டார்.

"அப்பா அடா டாலாம்?" உள்ளே என்ன இருக்கிறது என்று மலாயில் கேட்டார்.

டாக்டருக்கு யாராவது ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டால் தலைகால் புரியாது. உள்ளே எவ்வளவு இடம் உண்டு என்று கையை விரித்துக் காட்டினார். வினை அங்கேதான் வந்தது. அவ்வளவு இடமிருந்தால் அரிசி எவ்வளவு கொள்ளும்? மறுநாள் முதல் வேலிக்கு வெளியே மேயப் போகும் பசுக்களுக்கும் உள்சோதனை என்று உத்தரவு. சோதிப்பது யார்? நானேதான்.

டாக்டர் பூரித்துப்போனார். உலகத்தில் எந்த ஆராய்ச்சிக்கு இப்படித் தினமும் பசுக்கள் வரிசையில் வரும்? மாடுகளும் பழகிவிட்டன. கேட்டுக்கு வந்ததும் தாமாகவே திரும்பி நின்று வாலை ஒதுக்கிக் கொடுத்தன. என் கைதான் மரத்துப்போனது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் செவலையின் வயிற்றில் கன்று தங்கியிருப்பது என் விரல்களுக்குத் தட்டுப்பட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. டாக்டரின் முகம் வாடியது. "இளஞ்சினை. தினமும் கைவிட்டால் கலைந்துவிடும்" என்றார். சார்ஜன்டிடம் போய், இந்தப் பசுவுக்குள் ஒன்று இருக்கிறது, அதனால் இதைச் சோதிக்க வேண்டாம் என்று கெஞ்சினோம். உள்ளே ஒன்று இருப்பதால்தான் சோதிக்க வேண்டும் என்றார் அவர்.

அந்தோணியம்மா செவலையை வெளியே விடவே இல்லை. இரண்டு மாதம் வேலியோரப் புல்லை அறுத்துப் போட்டாள். புல் தீர்ந்தது, பசுவுக்கு விலா தெரிந்தது. ஒரு காலையில் அதை இழுத்துக்கொண்டு கேட்டுக்கு வந்துவிட்டாள்.

"அரிசி இருக்குன்னு சொல்ற இந்த சார்ஜன்ட் தொரையே கைய விட்டுப் பாக்கட்டும்லா! ஒரே ஒரு தடவ. பொறவு எம் மாட்டத் தொடப்படாது. மலாயில சொல்லுங்க தம்பி!"

சொன்னேன். வரிசையே கொல்லென்று சிரித்தது. சார்ஜன்ட் சிவந்துபோய், பெல்ட்டைக் கழற்றிச் சட்டையைச் சுருட்டினார். டாக்டர் பக்கத்தில் நின்று, "மெல்ல, மெல்ல" என்று வழிகாட்டினார். கை போனது, முழங்கை போனது, தொப்பி செவலையின் தொடையில் இடித்துக் கீழே விழுந்தது. எதுவோ அவர் விரலில் முட்டி விலகியிருக்க வேண்டும். அவர் வாய் திறந்தது.

"அடா" என்றார். இருக்கிறது!

கேட்டில் காவல் நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் அத்தனை பேரும் துப்பாக்கியைத் தூக்கிப் பசுவுக்குக் குறிவைத்தார்கள்.

"கெச்சில்" என்றார் அவர். சின்னதாக. அந்தக் குரலை அதுவரை அவரிடம் கேட்டதில்லை.

அன்றோடு மாடுகளுக்குச் சோதனை நின்றது. ஆனால் தினமும் காலையில் செவலை வரும்போது அவர் கிட்டே போய் அதன் வயிற்றை ஒரு பார்வை பார்ப்பார்.

மாதம் நிறைந்து, செவலை ஈன இடம் பார்த்தது பாருங்கள், கேட்டின் நட்ட நடுவில்! பசுவின் முன்கால் வேலிக்கு வெளியே, பின்கால் உள்ளே. பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு வேலைக்கு வந்த சனமெல்லாம் நின்றது. ராணுவ லோரி நின்றது. துரை வண்டியிலிருந்து ஹாரன் அடித்தார். சார்ஜன்ட் விறைப்பாகப் போய், "சோதனை நடக்கிறது. யாரும் நகரக் கூடாது" என்றார். கிடாரிக் கன்று விழுந்தது. கொஞ்ச நேரத்தில் எழுந்து தள்ளாடி, தாயின் பின்னாலேயே வெளியே நடந்தது. ஒரு கான்ஸ்டபிள் பழக்கதோஷத்தில் குனிந்து அதைத் தடவப் போனான். சார்ஜன்ட் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்தோணியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரிடம் சொன்னாள்: "தொரை, இன்னிக்கு ஒரு நாளு எங்களையும் இப்பிடியே விட்ருங்களேன்."

அதையும் நான் மலாயில் சொன்னேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வேறு எங்கோ பார்த்தபடி, தட்டி மறைப்பைக் காட்டினார். அவள் கையைத் தூக்கிக்கொண்டே உள்ளே போனாள்.

பிறகு வேலி போயிற்று, லயம் போயிற்று, மாடு வளர்க்கவே கூடாதென்றார்கள். டாக்டரின் ஆராய்ச்சியும் விடை தெரியாமலே எங்கோ போயிற்று. இப்போது அங்கே எண்ணெய்ச் செம்பனை நிற்கிறது. அந்தக் கேட் எந்த மரத்தடியில் இருந்தது என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. அந்தோணியம்மா இருந்தால் சொல்லுவாள்.