வழக்கமான பாதை

அமைதிக் கூட்டம் என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் காலனிச் சாவு ஊர்த் தெருவின் தார் ரோட்டில் போகக்கூடாது என்று ஊர்க்காரர்கள் மறித்த பிறகு, தாலுகா ஆபீசில் அப்படி ஒரு கூட்டம் நடந்தது. இரண்டு தரப்பையும் எதிரெதிரே உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். கடைசியில் தாசில்தார் எழுந்து, "சவம் வழக்கமான பாதையில் போகும், யாரும் தடுக்கக் கூடாது" என்றார். நாங்கள் கைதட்டினோம். ஊர்க்காரர்களும் கைதட்டினார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எங்களுக்கு வழக்கம் என்றால் தார் ரோடு. அதைப் போட்ட நாளிலிருந்து அதில்தான் எடுத்துப்போனோம். அவர்களுக்கு வழக்கம் என்றால் ரோடு வருவதற்கு முன்பு நாங்கள் நடந்த வயல் வரப்பு. தாசில்தாருக்கு இரண்டுமே தெரியும். தெரிந்துதான் அந்தச் சொல்லைத் தேடிப் பிடித்திருக்கிறார், மகாராசன்.

ஐப்பசி மழையில் அப்பா இறந்தார். தேர்வாய் கண்டிகை கம்பெனியிலிருந்து பாதி ஷிப்டில் ஓடிவந்தேன். ஜெபம் முடிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால், ஊர்த் தெரு முனையில் போலீஸ் வேன் நிற்கிறது. பக்கத்தில் தாசில்தாரின் ஜீப்.

"ரோட்ல போலாம்னுதான சார் கூட்டத்துல சொன்னீங்க? இப்ப இன்னா இது?" என்றேன்.

"வழக்கமான பாதைன்னுதாம்பா சொன்னேன். ரோடுன்னு சொன்னனா? பிரச்சினை வேணாம், வரப்பு மேல போயிடுங்க" என்றார் தாசில்தார்.

பெட்டியை நடுரோட்டிலேயே இறக்கிவைத்து உட்காரப் போனேன். அம்மாதான் தடுத்தாள். "உங்கப்பன மழையில போட்டுக்கினு சண்ட போடப் போறியா? நட."

வரப்பு எங்கே தெரிந்தது? வயலெல்லாம் முழங்கால் தண்ணீர். சேற்றில் கால் புதைந்து பெட்டி ஒருபக்கமாகச் சாய்ந்தபோது, உள்ளே அப்பா இடிபடும் சத்தம் என் காதில் விழுந்தது. அதற்காக நான் யாரையும் மன்னிக்கவில்லை. மன்னிப்பதாகவும் இல்லை.

கல்லறைத் தோட்டத்துக்கு நாங்கள் போய்ச் சேர்வதற்குள் தாசில்தார் ஜீப்பில் வந்து நின்றிருந்தார். "சுமுகமா முடிஞ்சிடுச்சு சார்" என்று மேலதிகாரியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இடுப்புவரை சேறான புடவையோடு அம்மா அவர் பேசி முடிக்கும்வரை நின்றாள்.

"நீங்க எந்த வழியா சார் வந்தீங்க?" என்று கேட்டாள்.

அவர் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"ரோட்டு வழியாத்தாம்மா" என்றார்.