அடியில் ஓட்டையில்லாத டின்

தீவில், ஹேடோ கப்பல் ஜெட்டியில் வேலை பார்த்த நாகமுத்து, குடிக்கவே தண்ணீர் கிடைக்காத இராமநாதபுரத்துக்காரர். செடி என்றால் தண்ணீர் ஊற்ற வேண்டும், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பிரசவத்துக்கு மெயின்லேண்டுக்குக் கப்பலேறிய மனைவி தனபாக்கியம், குவார்ட்டர்ஸ் வாசலில் டால்டா டின்னில் மல்லிகை வைத்துவிட்டுப் போயிருந்தாள். அடைமழையிலும் அவர் இரண்டு வேளை ஊற்றினார். இலை பழுத்ததும் அவளுக்குக் கடிதம் போட்டார்.

முதலில் வந்தது தந்தி. தாயும் பிள்ளையும் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து மூன்று வேளை ஊற்றினார். அவளுடையதென்று மிஞ்சியது அது ஒன்றுதானே.

அவள் முன்பே எழுதிப் போட்டிருந்த பதில் அடுத்த கப்பலில் வந்தது.

"விரலை விட்டுப் பாருங்க. ரெண்டு கணு ஆழம் காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க. டின்னுக்கு அடியில ஓட்டை போட மறந்துட்டேன், நீங்க போட்டுடுங்க."

விரலை விட்டார். அழுகிய சேறு. செடி எப்போதோ செத்திருந்தது. ஆனாலும் ஆணியைத் தேடியெடுத்து ஓட்டை போட்டார். தண்ணீர் நெடுநேரம் ஒழுகிக்கொண்டிருந்தது.